கீறல் விழுந்தால் கம்பெனி பொறுப்பல்ல

போன வருஷம் பெங்களூரிலிருந்து புனேவுக்கு ஜாகை மாற்றினோம். கல்யாணமான பதினோரு வருஷத்தில் இது நாலாவது வீடு. சாமான் ஏற்றுவது, இறக்குவது, பால் காய்ச்சுவது எல்லாம் தங்கமணிக்கும் எனக்கும் தூக்கத்திலேயே வரும். ஆனாலும் ஒரு பொருளுக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் வயிற்றில் புளி கரைக்கும். தாத்தா மாயவரத்தில் செய்து வாங்கிய தேக்கு ஊஞ்சல் பலகை. ஊஞ்சல் என்று சொல்கிறேனே தவிர, அது ஆடி எத்தனையோ வருஷமாச்சு. வாடகை வீட்டுக் கூரையில் கொக்கி அடிக்க எந்த ஓனர் விடுவார்? பெங்களூரில் நாலு செங்கல்லை அடுக்கி, மேலே பலகையைப் போட்டு, திண்ணை மாதிரி வைத்திருந்தோம். பையன் அதில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவான்.

புனேயில் லாரியிலிருந்து பலகை இறங்கியபோது, குறுக்கே ஒரு முழ நீளத்துக்கு வெள்ளையாக ஒரு கோடு. பீரோவின் கால் உரசியிருக்கிறது. சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்து, கட்டை விரலால் ஒரு தடவை தேய்த்துவிட்டு, "இத்னா தோ சல்தா ஹை சாப்" என்றார். ரசீதின் பின்பக்கத்தைத் திருப்பினால், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் பதினாலு ஷரத்து. பதினோராவது: கீறல், ஒடுக்கு, பாலிஷ் போவது போன்றவற்றுக்குக் கம்பெனி பொறுப்பல்ல.

சரி, தொலைகிறது என்று விட்டிருப்பேன். ஆனால் அதே வாரம் பெங்களூர் ஓனரிடமிருந்து அட்வான்ஸ் கணக்கு வந்தது. ஒரு மாச வாடகை 'பெயிண்டிங்'குக்குக் கழிவு. அதுபோக, சுவரில் நாற்காலி உரசிய கீறலுக்கும் தரையில் இருந்த கோடுகளுக்கும் தனியாக ஒரு தொகை. இரண்டு காகிதத்தையும் மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என் பலகையில் விழுந்தால் அது சகஜம், அவர் சுவரில் விழுந்தால் அது சேதம். கீறலுக்குள் இத்தனை சட்டமா என்று தேட ஆரம்பித்தது அப்போதுதான். நான் வக்கீல் இல்லை, பொட்டி தட்டிப் பிழைக்கிறவன். ஆணி அதிகமில்லாத சனி ஞாயிறுகளில் படித்ததைத்தான் இங்கே சொல்கிறேன்.

இந்த ஷரத்துக்கு வயசு என்ன என்று கேட்டுக்கொண்டே பின்னால் போனால், ரோமாபுரிச் சந்தையில் போய் நிற்கிறோம். அங்கே சந்தையைக் கவனித்துக்கொள்ள ஈடைல்கள் என்று அதிகாரிகள் இருந்தார்கள். அடிமைகளையும் கால்நடைகளையும் விற்பவன், அவற்றுக்கு இருக்கும் நோயையும் குறையையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், மறைத்தால் ஆறு மாசத்துக்குள் வாங்கினவன் திருப்பிக் கொடுக்கலாம் என்று அவர்கள் ஆணை போட்டிருந்தார்கள். நல்ல ஆணைதான். மூன்றாம் நூற்றாண்டில் உல்பியன் என்ற சட்ட அறிஞர் இதற்கு உரை எழுதினார். அது 533 இல் ஜஸ்டினியன் சக்கரவர்த்தியின் தொகுப்பில் சேர்ந்து நமக்குக் கிடைத்திருக்கிறது. அதில் இரண்டு விஷயங்கள் என் கண்ணில் பட்டன. ஒன்று, லேசான காய்ச்சல், சின்னக் காயம் போன்ற அற்பங்கள் குறையாகாது, விற்பவன் சொல்லாவிட்டாலும் குற்றமில்லை. இன்னொன்று, கண் தெரியாதவன், வெளிப்படையாகத் தெரியும்படி ஆபத்தான தழும்பு உள்ளவன் என்றால், அதை வாங்குபவன்தான் பார்த்திருக்க வேண்டும்.

படித்துவிட்டு லேப்டாப்பை மூடி வைத்தேன். 'சின்னக் காயம்' என்று அவர்கள் எழுதியது மனிதர்களின் உடம்பைப் பற்றி. என் ரசீதின் பதினோராவது ஷரத்துக்கு மூத்த பாட்டன் அங்கே, சங்கிலியில் கட்டி நிறுத்தப்பட்ட ஒருவன் தோளில் இருந்த காயத்தைப் பற்றிய வரி. அதன் பிறகு அந்த ரசீதைச் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை.

ஆனால் அந்த இரண்டு எண்ணங்கள் இருக்கின்றனவே, 'அற்பம்' என்பதும் 'கண்ணுக்குத் தெரிந்ததுதானே' என்பதும், அவை இன்றுவரை சாகவில்லை. இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகள் இரண்டாவதுதான் ராஜா. வாங்குகிறவன் பார்த்து வாங்கிக்கொள்ளட்டும், அவ்வளவுதான். 1603 இல் ஒரு வழக்கு. பெசோவர் கல் என்று (மிருகத்தின் வயிற்றில் விளைவது, விஷ முறிவு என்று நம்பினார்கள்) ஏதோ ஒரு கல்லை ஒரு பொற்கொல்லர் நூறு பவுனுக்கு விற்றுவிட்டார். கல் போலி. 'இது பெசோவர் கல்' என்று அவர் சொன்னது வெறும் சொல், உத்தரவாதம் கொடுத்ததாக ஆகாது என்று வாங்கினவரை அனுப்பிவிட்டார்கள். கல்லே பொய்யானபோது இந்தக் கதி என்றால், கீறலை யார் கேட்பார்கள்?

காற்று திரும்ப இரு நூற்றாண்டு ஆனது. 1815 இல் பட்டுக் கழிவு விற்ற ஒரு வழக்கில், பார்க்காமல் வாங்கின சரக்கு சந்தையில் அந்தப் பெயரில் விலை போகக்கூடிய தரத்திலாவது இருக்க வேண்டும், குப்பைமேட்டில் கொட்டுவதற்காக யாரும் வாங்குவதில்லை என்ற பொருள்பட எல்லன்பரோ பிரபு சொன்னார். 'விற்கத்தக்க தரம்' என்ற கருத்து இப்படித்தான் வேர்விட்டது. அது 1893 இல் ஆங்கிலேயச் சட்டமாகி, 1930 இல் நம் சரக்கு விற்பனைச் சட்டத்துக்குள் வந்தது. 16 ஆம் பிரிவு. கூடவே ஒரு வாலும் வந்தது: வாங்கினவர் சரக்கைப் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு விற்பவர் பொறுப்பில்லை. உல்பியனின் தழும்பு, வெள்ளைக்காரன் கப்பலேறி நம் ஊருக்கு வந்துவிட்டது. ஷோரூமில் புது ஃப்ரிட்ஜையோ காரையோ எடுக்கும்போது சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்று மாமனார்கள் சொல்வது வெறும் மாமனார்த்தனம் இல்லை.

கீறலுக்கென்றே ஒரு பெரிய வெற்றி 1910 இல் கிடைத்தது. ஜாக்சன் எதிர் ரோட்டாக்ஸ். மோட்டார் வண்டிகளுக்கான ஹாரன்கள் பெட்டி பெட்டியாக வந்தன. சரியாகக் கட்டாமல் அனுப்பியதால் பலவற்றில் ஒடுக்கு, கீறல், பாலிஷும் மோசம். ஹாரன் ஒலிக்கிறது, கொஞ்சம் செலவு செய்தால் தேய்த்துச் சரியாக்கிவிடலாம் என்றது விற்றவர் தரப்பு. மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. செலவு சின்னதாக இருக்கலாம், ஆனால் வந்து சேர்ந்த நிலையில் இது விற்கத்தக்க சரக்கில்லை, திருப்பி அனுப்பலாம் என்றது. 'வேலை செய்கிறதே, அப்புறம் என்ன' என்ற வாதத்துக்கு அப்போதே விழுந்த அடி அது.

'அற்பம்' என்ற முதல் எண்ணத்தைத் தராசில் வைத்து எடை போட்டவர்கள் லண்டன் லாய்ட்ஸ் காப்பீட்டுக்காரர்கள். கடல் வழி வரும் சரக்கு கொஞ்சமாவது நனையும், உரசும், உதிரும். ஒவ்வொன்றுக்கும் பணம் கொடுத்தால் கடையை மூட வேண்டியதுதான். அதனால் 1749 இல் பாலிசியின் அடியில் ஒரு குறிப்பைச் சேர்த்தார்கள். தானியம், மீன், உப்பு, பழம் போன்றவற்றுக்குப் பகுதிச் சேதமே கிடையாது, சர்க்கரை, புகையிலை, சணல், தோல் வகைகளுக்கு 5 சதவீதத்துக்குக் கீழே கிடையாது, மற்ற எல்லாவற்றுக்கும் 3 சதவீதத்துக்குக் கீழே கிடையாது. கப்பல் தரைதட்டினால் போன்ற சில விதிவிலக்குகள் தனி. இந்த 3 என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இருபதாம் நூற்றாண்டில் கதை திசை மாறியதற்குக் காரணம் பெயிண்ட். ஃபோர்டின் மாடல் டி கார் 1914 முதல் பல வருஷங்கள் கறுப்பில் மட்டுமே வந்தது, அந்த எனாமல் சீக்கிரம் காயும் என்பதும் அதற்கு ஒரு காரணம். மற்ற கம்பெனிகள் வண்ணக் கார் வேண்டுமென்றால் வார்னிஷ் மேல் வார்னிஷாகப் பூசி, வாரக்கணக்கில் காயவைக்க வேண்டும். 1923 இல் டூபாண்ட் கம்பெனியின் டூக்கோ என்ற விரைவில் காயும் பூச்சோடு ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்ட் கார் நீல நிறத்தில் வந்தது. 1927 இல் காரின் அழகைக் கவனிக்கவே தனி இலாகா அங்கே திறந்தார்கள். அதிலிருந்து கம்பெனிகள் விற்றது எஞ்சினை மட்டுமல்ல, பளபளப்பையும்தான். ஆனால் கூடவே கொடுத்த வாரண்டி எதற்கு? அமெரிக்கக் கார் கம்பெனிகளின் சங்கம் வகுத்த பொது வாரண்டி, 90 நாள் அல்லது 4,000 மைல், பழுதான பாகத்தை மாற்றித் தருவோம், வேறு எந்தப் பொறுப்பும் இல்லை என்பதுதான். 1960 இல் நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் ஹென்னிங்சன் வழக்கில் அதைக் கிழித்துப் போட்டது. அது ஸ்டியரிங் பிடுங்கிக்கொண்டு நடந்த விபத்து, நம் விஷயமில்லை. ஆனால் ஆர்டர் படிவத்தின் பின்பக்கப் பொடி எழுத்தைப் பற்றி அந்த நீதிபதிகள் எழுதியதை, வீடு மாற்றின கையோடு படித்தால் இனிக்கும்.

விளம்பரத்தில் முதலில் நிற்கும் பளபளப்பு, வாரண்டியில் மட்டும் காணாமல் போவது ஏன்? கம்பெனிக்காரர்கள் சொல்லும் காரணத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. கீறல் தொழிற்சாலையில் விழுந்ததா, வழியில் விழுந்ததா, வீட்டில் சாவிக் கொத்து பட்டு விழுந்ததா என்று ஒரு மாசம் கழித்து யாராலும் நிரூபிக்க முடியாது. அதுவரைக்கும் சரி. ஆனால் எங்கே விழுந்தது என்று கம்பெனிக்கே நன்றாகத் தெரிந்திருந்தால்?

அலபாமாவில் அப்படி ஒன்று நடந்தது. 1990 ஜனவரியில் ஐரா கோர் என்ற டாக்டர், பர்மிங்ஹாமில் ஒரு புது பிஎம்டபிள்யூ 535ஐ வாங்கினார். விலை 40,750 டாலர் 88 சென்ட். ஒன்பது மாசம் சந்தோஷமாக ஓட்டினார், ஒரு குறையும் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் மினுக்கலாமே என்று மெருகேற்றும் கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் பார்த்துவிட்டு, இந்த வண்டிக்கு மறுபடி பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்றார். ஜெர்மனியிலிருந்து கப்பலில் வரும் வழியில் அமில மழை பட்டிருக்கலாம் என்று தெரிந்தது. கம்பெனி மேற்புறத்தைப் பூசி, வாயைத் திறக்காமல் புது வண்டியாக அனுப்பிவிட்டது. அது தவறி நடந்ததல்ல, கொள்கை. சரிசெய்யும் செலவு விலையில் 3 சதவீதத்துக்கு மேல் போனால் பழைய வண்டியாக விற்பது, அதற்குள் அடங்கினால் டீலரிடம்கூடச் சொல்லாமல் புதியதாக விற்பது. கோரின் வண்டிக்கு ஆன செலவு 601 டாலர் 37 சென்ட், அதாவது ஒன்றரை சதவீதம். லண்டன் காப்பீட்டுக்காரர்கள் 1749 இல் போட்ட அதே 3! ஒன்றுக்கொன்று தொடர்பு இருப்பதாக நான் சொல்லவில்லை. ஆனால் அற்பம் எது என்று முடிவு செய்ய உட்காருகிறவர்களின் கை ஏனோ அந்த எண்ணுக்கே போகிறது.

ஜூரி என்ன செய்தது தெரியுமா? மறுபூச்சு வண்டியின் மதிப்பு பத்து சதவீதம் குறைவு என்று 4,000 டாலர் நஷ்டஈடு. அதோடு, நாடு முழுக்க இப்படி விற்ற ஏறத்தாழ ஆயிரம் வண்டிகளைக் கணக்கில் கொண்டு தண்டனைத் தொகை 40 லட்சம் டாலர்! மாநில உச்ச நீதிமன்றம் அதை 20 லட்சமாகக் குறைத்தது. 1996 மே 20 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், இதுவும் மிக மிக அதிகம், அரசியல் சட்டத்துக்கே ஒவ்வாது என்றது. யாருக்கும் உடம்பில் அடிபடவில்லை, வண்டி நன்றாகத்தான் ஓடியது, நஷ்டத்தைப் போல 500 மடங்கு தண்டனையா என்பது வாதம். கடைசியில் 1997 இல் 50,000 டாலரில் வந்து நின்றது. இதில் வேடிக்கை, இதே போன்ற மறுபூச்சுக்காக அலபாமாவிலேயே வழக்குப் போட்ட இன்னொருவருக்கு 4,600 டாலர் நஷ்டஈடு கிடைத்தது, தண்டனைத் தொகை ஒரு சென்ட்கூட இல்லை.

இதைத் தங்கமணியிடம் சொன்னபோது, "ஒன்பது மாசம் அவருக்கே தெரியலையே, அப்புறம் என்ன நஷ்டம்?" என்று கேட்டாள். பெயிண்டைப் பொறுத்தவரை அவள் கேள்வி நியாயம். ஆனால் கோருக்குப் போனது பெயிண்ட் மட்டுமல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. புதுசு என்ற சொல்லுக்குக் காசு வாங்கியிருக்கிறார்கள், அந்தச் சொல்லைக் கொடுக்கவில்லை. ஜூரியின் முதல் தீர்ப்பு வந்த பிறகு, எவ்வளவு சின்ன மறுபூச்சானாலும் சொல்லிவிடுவது என்று கம்பெனி தன் கொள்கையை மாற்றிக்கொண்டது. எனக்கு அதுதான் முக்கியமான பலன்.

இங்கிலாந்திலும் அதே காலத்தில் ஒரு ரேஞ்ச் ரோவர் வழக்கு, 1987. கார் என்பது ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போவதற்கு மட்டுமல்ல, வசதி, நம்பகம், அதன் வெளித்தோற்றத்திலும் உட்தோற்றத்திலும் சொந்தக்காரருக்கு உள்ள பெருமை எல்லாம் சேர்ந்துதான் தரம் என்றார் நீதிபதி மஸ்டில். பெருமை! சட்டப் புத்தகத்தில் இந்தச் சொல்லைப் பார்ப்பேன் என்று நான் நினைக்கவில்லை. 1994 இல் அங்கே சட்டத்தையே திருத்தி, தரம் என்றால் தோற்றம், மெருகு, சிறு குறைகள் இல்லாமை எல்லாம் அடங்கும் என்று எழுதிவிட்டார்கள். 2015 நுகர்வோர் சட்டத்திலும் அது இருக்கிறது. நம் 1930 சட்டம் இன்னமும் பழைய 'விற்கத்தக்க தரத்தில்'தான் நிற்கிறது. நமக்கு ஆறுதல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 1986 இல் வந்தது, அதன் இடத்தில் இப்போது 2019 சட்டம். இரண்டிலும் 'குறை' என்பதற்குப் பரந்த விளக்கம் உண்டு.

கைபேசி, பாட்டுப் பெட்டி வகையறாவில் கதை கொஞ்சம் சிரிப்பு. 2005 இல் வந்த ஐபாட் நானோவின் முகப்பு சட்டைப் பையில் போட்டாலே கீறுகிறது என்று அதே வருஷம் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தார்கள், 2009 இல் 2 கோடியே 25 லட்சம் டாலருக்குச் சமரசமானது. 2016 இல் அதே கம்பெனி கண்ணாடி மாதிரி மின்னும் கறுப்பு ஐபோனைக் கொண்டுவந்தபோது, உபயோகித்தால் மெல்லிய கீறல் விழலாம், கவலையாக இருந்தால் உறை போட்டுக்கொள்ளுங்கள் என்று தானே முன்னால் எழுதிவிட்டது. பளபளப்பைக் காட்டி விற்பது, அப்புறம் அதை மூடிவைக்கச் சொல்வது. நம் வீட்டு டிவி ரிமோட்டின் பிளாஸ்டிக் உறையைக் கேலி செய்தவர்கள் எல்லாம் வரிசையில் வாருங்கள்.

இனி லாரிக்கு வருவோம். இந்தியாவில் சரக்கு கொண்டுபோகிறவரின் பொறுப்பு 1865 சட்டத்தில் எழுதப்பட்டது. அதன் அட்டவணையில் தங்கம், கடிகாரம், கண்ணாடி, பீங்கான், பட்டு, தந்தம், சந்தனம் என்று ஒரு பட்டியல். இவற்றில் 100 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் பொறுப்பில்லை. மற்றபடி கொண்டுபோகிறவர் மேல் பாரம் கனமானது. அவருடைய கவனக்குறைவை நாம் நிரூபிக்க வேண்டியதில்லை, சாமான் சேதமானதைக் காட்டினால் போதும். 2007 இல் புதுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் வந்து, 2011 முதல் நடைமுறையில் இருக்கிறது. மதிப்பைக் கூட்டிச் சொல்லி அதற்குரிய கட்டணம் கட்டாவிட்டால், பொறுப்பு லாரி வாடகையின் பத்து மடங்கோடு நிற்கும். புக்கிங் செய்த 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்காமல் வழக்குப் போட முடியாது. என் மாதிரி 'அப்புறம் பார்க்கலாம்' ஆசாமிகளை இது எத்தனை பேரைக் கவிழ்த்திருக்குமோ.

பின்பக்கப் பொடி எழுத்துக்கு நம்ம சென்னையே ஒரு பதில் சொல்லியிருக்கிறது. லில்லி ஒயிட் எதிர் முனுசாமி, 1966 தீர்ப்புத் தொகுப்பில் வெளியான சென்னை உயர் நீதிமன்ற வழக்கு. சலவைக்குப் போட்ட புதுப் புடவை தொலைந்துபோனது. விலையில் ஒரு சிறு பங்குதான் தருவோம் என்று ரசீதில் அச்சடித்திருக்கிறதே என்றது சலவைக் கடை. புடவையைத் தொலைத்துவிட்டு அதில் லாபமும் பார்க்க வழி செய்யும் ஷரத்து பொதுநலனுக்கு விரோதம் என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. இதைப் படித்து நான் துள்ளிக் குதித்தது உண்மை. அடுத்து 1996 தீர்ப்பு வந்து உட்காரவைத்தது. ஒரு பின்னலாடை நிறுவனம் கூரியரில் அனுப்பிய ஏற்றுமதி ஆவணங்கள் போய்ச் சேரவில்லை, நஷ்டம் பெரிசு. ஆனால் 100 டாலர்தான் பொறுப்பு என்ற படிவத்தில் அவர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். கட்டுப்பட்டாக வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். வெறும் அச்சடித்த ரசீதுக்கும், நாம் கையெழுத்திட்ட தாளுக்கும் நடுவே அத்தனை தூரம். ஓடிப்போய் என் ரசீதைப் பார்த்தேன். கையெழுத்துப் போடும் கட்டம் இருந்தது, அவசரத்தில் அவர்கள் என்னிடம் வாங்க மறந்திருந்தார்கள்!

ஓனர் விஷயத்துக்கு 1882 சொத்து மாற்றுச் சட்டம், 108 ஆம் பிரிவு. வாடகைக்கு இருந்தவர் வீட்டை வாங்கின நிலையில் திருப்பித் தர வேண்டும், நியாயமான தேய்மானம் நீங்கலாக. நாற்காலி உரசியதும் ஆணி அடித்த ஓட்டையும் தேய்மானமா சேதமா என்று உலகம் பூரா சண்டை நடக்கிறது. ஆனால் அந்தப் பிரிவின் தொடக்கத்திலேயே, வேறு ஒப்பந்தமோ உள்ளூர் வழக்கமோ இல்லாவிட்டால்தான் இது என்று இருக்கிறது. பெங்களூரில் ஒரு மாச பெயிண்டிங் கழிவு ஒப்பந்தத்திலும் இருந்தது, ஊர் வழக்கமாகவும் இருக்கிறது. அங்கே நான் கையெழுத்தும் போட்டிருக்கிறேன், பக்கத்துக்குப் பக்கம். பெயிண்டிங் போனது போனதுதான். கீறலுக்கென்று தனியாகப் பிடித்தது மட்டும் ஒப்பந்தத்தில் இல்லை.

ஆக இரண்டு கடிதம் எழுதினேன். ஓனருக்கு எழுதியதில் பிரிவு எண்ணைப் போட்டு, மொத்தச் சுவருக்கும் பெயிண்ட் அடிக்க ஒரு மாச வாடகை எடுத்துக்கொண்ட பிறகு அதே சுவரின் கீறலுக்கு இன்னொரு தடவை எப்படி என்று கேட்டிருந்தேன். மூன்று வாரம் சத்தமில்லை. அப்புறம் கீறல் தொகை மட்டும் கணக்கில் வந்து விழுந்தது, பதில் ஒரு வரிகூட இல்லை. லாரிக்காரர்களுக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ், போட்டோவோடு. நாம் குடியிருக்கும் ஊரிலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட 2019 சட்டம் இடம் கொடுக்கிறது என்பதையும் ஒரு வரியில் சேர்த்திருந்தேன். பெங்களூர் ரசீதுக்குப் பெங்களூருக்கு அலைய வேண்டியதில்லை என்பது நம் மாதிரி ஊர் ஊராகப் பெட்டி தூக்குகிறவர்களுக்குப் பெரிய விஷயம் மக்களே. பத்தாம் நாள் ஒரு பாலிஷ்காரரை அனுப்பினார்கள்.

அவர் வந்து பலகையைப் புரட்டிப் பார்த்தார். அடிப்பக்கத்தில் தாத்தாவின் இனிஷியலும் வருஷமும் உளியால் வெட்டியிருக்கும், எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுவோமே அந்த மாதிரி. "இதையும் சேர்த்து இழைத்துவிடட்டுமா, பூரா சமமாகிவிடும்" என்று கேட்டார். நானும் தங்கமணியும் ஒரே குரலில் வேண்டாம் என்றோம். மேலே இருந்த வெள்ளைக் கோட்டைத் தேய்த்து, சாயம் ஏற்றி, மெழுகு பூசினார். பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது இன்னும் லேசாகத் தெரிகிறது. புனே ஓனர் நல்ல மனிதர், கூரையில் கொக்கி போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டார். காலி செய்யும்போது அந்த ஓட்டைக்கு என்ன கணக்கு என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் மாட்டினேன்.